ஒரே கோட்டில் வெரோணிக்காவின் துணி

மூக்கு நுனியில் தொடங்கிய கோடு கன்னத்தைத் தாண்டித் தாடிக்குள் நுழைந்துவிட்டது. நான் மையில் நகலெடுக்கும் இயேசுவின் முகம் இன்னும் ஒரே கோடுதான்.

மூலப்படம் கிளோத் மெல்லான் என்ற பிரெஞ்சுக்காரர் 1649-இல் செப்புத் தகட்டில் செதுக்கியது. சிலுவை சுமந்துபோன இயேசுவின் முகத்தை வெரோணிக்கா என்ற பெண் துடைத்தபோது, அவர் துணியில் பதிந்ததாகச் சொல்லப்படும் திருமுகம். மூக்கிலிருந்து சுருண்டு வெளியே போகும் கோடு தடிக்கும் இடம் நிழல், மெலியும் இடம் வெளிச்சம். வித்தை அவ்வளவுதான்.

மதுரை கீழவெளி வீதிப் பேராலயத்தில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிகளில் சிலுவைப் பாதைக்கு, அதாவது இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் வழிபாட்டுக்கு, போனவர்களுக்கு ஆறாம் நிலை என்றாலே வெரோணிக்காதான். நற்செய்தியில் அவர் பெயரே கிடையாது, ஓவியர்கள் விட்டார்களா? 1420 வாக்கில் ஜெர்மனியின் கொலோன் நகர ஓவியர் ஒருவர் வரைந்து இப்போது மியூனிக்கில் இருக்கும் படத்தில், துணியிலுள்ள முகம் வெரோணிக்காவின் முகத்தைவிடப் பெரியது. 1513-இல் ஜெர்மன் ஓவியர் டியூரர் வெரோணிக்காவை எடுத்துவிட்டு, துணியை இரண்டு வானதூதர்கள் கையில் கொடுத்தார். மெல்லான் பிடிக்க ஆளே வைக்கவில்லை. எனக்கு இதுதான் பிடித்தது; வெரோணிக்கா இருந்தால் கண் அவர் பக்கம் போய்விடும்.

முதலில் வழிகாட்டிச் சுருள். 1 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்தேன். ஒன்றில் காம்பஸ் முள்ளை ஊன்றி மேல் அரைவட்டம், மற்றதில் ஊன்றிக் கீழ் அரைவட்டம். கோடு நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தால் சுற்றுக்கு 2 மி.மீ. விரியும். அதைக் கண்ணாடிக்கு மேல் வைத்து, கீழே விளக்கைப் போட்டு, நல்ல தாளில் பென்சிலால் லேசாக எடுத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "என்ன தம்பி, கொசுவர்த்தியா?" என்றார். அப்போது பார்க்க அப்படித்தான் இருந்தது.

மை தொட்டு எழுதும் நிப்பைத் தன் பக்கம் இழுத்து அழுத்தினால்தான் கோடு தடிக்கும்; தள்ளினால் தாளைக் கீறும். அதனால் கை அசையாமல் தாள்தான் சுற்ற வேண்டும். தங்கை கேக்குக்கு கிரீம் பூசும் சுழல் தட்டை வாங்கிக்கொண்டேன். வலது கை அழுத்த, இடது கை தட்டைத் திருப்பும். செதுக்குபவர்களும் தோல் மெத்தைமேல் தகட்டைத் திருப்பித் திருப்பித்தான் வேலை செய்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதில் கண்ணை முதலில் முடிப்போம் என்ற பேச்சே இல்லை. ஒரு சுற்றில் இடக் கண்ணில் ஒரு துளி, வலக் கண்ணில் ஒரு துளி, உதட்டில் ஒரு துளி. வெகுநேரம் முகமே தெரியாது. அப்புறம் ஏதோ ஒரு சுற்றில் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்.

மை தொட நிறுத்தும் இடம் முக்கியம். வெளிச்சமான கன்னத்தில் நிறுத்தினால் ஒட்டு புடைத்துத் தெரியும். மூக்குத் துளை, தாடி, முடி மாதிரி இருண்ட இடத்தில் எடுத்து அங்கேயே தொடங்கினால் தெரியாது. இந்தச் சித்திரை வெயிலில் நிப்பிலேயே மை காய்கிறது. மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை. கைக்குக் கீழே ஒரு தாள் போட்டுச் சமாளிக்கிறேன்.

அடுத்து முள்முடி. அதற்கு நிப்பை மாற்ற வேண்டும். துணியின் மடிப்புகளை ஓரத்தில் மட்டும் காட்டப்போகிறேன். முகத்தின் குறுக்கே மடிப்பு வராது, மெல்லானும் வரவிடவில்லை.