வெள்ளவத்தை, ஜூன்

ஜூன் 9
மகனுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. பரசிற்றமோலைத் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம் என்றார் வைத்தியர். வெளியே தென்மேற்குக் காற்று. பல்கனியில் கடலோர மரைன் டிரைவ் பக்கமாக நிற்கும் தக்காளியின் இலை ஓரமெல்லாம் உப்பில் கருகிவிட்டது. கத்தரியை உள்ளே இழுத்து வைத்தேன்.

ஜூன் 10
டெங்குதான்.

ஜூன் 11
மாமி காலையிலேயே பல்கனிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சாடிகளைப் பார்த்தபடி நின்றார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

சாடிகளின் அடித்தட்டுகள் எல்லாவற்றிலும் மணல் நிரப்பியிருக்கிறேன், தண்ணீர் தேங்க இடமில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பைத் தேய்த்தேன். கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது. இந்த நுளம்பு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலேதான் முட்டையை ஒட்டிவைக்கிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழை தொட்டதும் பொரிக்கும். கடிப்பது பகலில். பகலில் பிள்ளை இருப்பது பள்ளிக்கூடத்தில். அதற்குப் பக்கத்தில் பாதியில் நின்றுபோன கட்டடம் ஒன்று, அடித்தளம் முழுக்க மழைத் தண்ணீர். 2017 இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு சாடிகூட இருக்கவில்லை. இதையெல்லாம் சொன்னால் பிள்ளையை விட்டுவிட்டுச் செடிக்கு வாதாடுகிறேன் என்பார்.

ஜூன் 12
இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லட் 118,000. சிவப்பிலும் கபில நிறத்திலும் எதுவும் கொடுக்கக் கூடாதாம். வாந்தி எடுத்தால் இரத்தமா சாப்பாடா என்று தெரியாமல் போய்விடும். தக்காளி இன்றைக்கென்று பார்த்துப் பழுத்திருக்கிறது.

ஜூன் 13
காய்ச்சல் விட்டுவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம், வைத்தியரைத் தவிர. இனிமேல்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியக்கூடுமாம். வார்ட்டில் சேர்த்தோம். குடிப்பதையும் சிறுநீரையும் மில்லிலீட்டர் கணக்கில் எழுதச் சொல்லி ஒரு தாள் தந்தார்கள். இளநீர் 150. கஞ்சி 100. சிறுநீர்ப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

மாமி பப்பாசி இலைச் சாறு பிழிந்து போத்தலில் கொண்டுவந்தார். தாதி ஒரு பார்வை பார்த்தார். போத்தல் பைக்குள் திரும்பிப் போயிற்று.

ஜூன் 14
46,000.

ஜூன் 15
குளிக்க வீட்டுக்கு வந்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து போயிருக்கிறார். சாடிகளில் ஒன்றும் அகப்படவில்லையாம். நுளம்புக் குடம்பி இருந்தது கீழ்மாடியில், ஏசித் தண்ணீர் சொட்டும் வாளியில். மாமி இதை ஏதோ நட்டம் வந்தவர் போலச் சொன்னார்.

பசளி கிரில்லைத் தாண்டி மேல்வீட்டுக்கு ஏறப் பார்க்கிறது. பச்சைமிளகாய் சுருண்டுவிட்டது. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிற்றுண்ணி. இது கீழ்நோக்கி. இருட்டில் குனிந்து இலையின் அடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அங்கே பிள்ளை கையில் ஊசியோடு படுத்திருக்கிறான். என்ன பிறவியோ நான்.

ஜூன் 16
52,000. ஏறுகிறது! பசிக்கிறது என்றான். இடியப்பம் வேண்டுமாம், சொதியோடு.

ஜூன் 17
சாடிகளைக் காவலாளிக்குக் கொடுத்துவிட மாமி பேசி முடித்துவிட்டாராம், இவர் போனில் சொல்கிறார். கறிவேப்பிலையை மட்டும் வைத்துக்கொள்ளலாமாம், அது சமையலுக்கு வேண்டுமே. பரிசோதகர் சொன்னதை மறந்துவிட்டாரா என்று கேட்டேன். "அம்மாவிடம் நீயே பேசு" என்கிறார். பேசத்தான் போகிறேன். முதலில் அந்த வாளி யாருடையது என்று

இரத்தம் எடுக்க வந்துவிட்டார்கள்.