பட்டாணிக்கு கீரை தின்னப் பழக்கினது (43 நாள் ஆச்சு)

கடையில லவ் பேர்ட்ஸ்னு கேட்டுத்தான் வாங்கினேன், கடைக்காரரும் லவ் பேர்ட்ஸ்னு சொல்லித்தான் அட்டைப்பெட்டியில போட்டுக் குடுத்தாரு, வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தப்புறம்தான் இது பட்ஜிங்கற ஆஸ்திரேலியா குட்டிக் கிளி, நிஜ லவ்பேர்ட் ஆப்பிரிக்காக்காரன், வேற இனம்னு தெரிஞ்சுது. பச்சை உடம்பு, மஞ்சள் மூஞ்சி, நெத்தியில அலகு வரைக்கும் கருப்புக் கோடு. கோடு இன்னும் அழியாம இருக்கறதால சின்னக் குஞ்சுதான், நாலு மாசம் தாண்டியிருக்காது. மூக்கு ஊதா கலந்த ரோஸ், அதனால ஆண்னு வச்சுக்கிட்டோம். பட்டாணின்னு பேர் வச்சது அக்கா பையன்.

கடைக்காரர் ஒரு கவர்ல தினை கட்டிக் குடுத்து "இதுவும் தண்ணியும் போதும் தம்பி, வேற எது குடுத்தாலும் வயித்தால போகும்"னாரு. அந்தப் பேச்சை நம்பினது நான் மட்டும் இல்ல, பட்டாணியும்தான் போல. தினையைத் தவிர எதைக் கண்டாலும் கூண்டோட அந்தக் கோடிக்குப் போய் ஒட்டிக்கும்.

ரெண்டாவது நாளே ஒரு கூத்து. கிண்ணம் நெறைய தினை இருக்கு, இவன் மேல உக்காந்து கத்திக்கிட்டே இருக்கான், நான் புது இடம் பயம் போலன்னு துணியெல்லாம் போட்டு மூடி விட்டேன். அம்மா வந்து கிண்ணத்த எடுத்து ஒரு ஊது ஊதினாங்க பாருங்க, மேல இருந்ததெல்லாம் பறந்து போச்சு, அடியில பத்துப் பதினஞ்சு மணிதான் மிச்சம். "டேய், இது உமிடா"ன்னாங்க. பட்ஜி ஒவ்வொரு தினையையும் அலகுல உருட்டி தோலை உரிச்சு உள்ள இருக்கறத மட்டும் முழுங்கிட்டு உமிய அதே கிண்ணத்துல துப்புது, தூரத்துல இருந்து பாத்தா ரொம்பின கிண்ணம் மாதிரியே இருக்கும். வருஷக்கணக்கா முறத்துல பொடச்ச கைக்கு ஒரு நொடியில தெரிஞ்சுது, எனக்குத் தெரியல.

அப்புறம்தான் சாப்பாடு பத்தி உக்காந்து படிச்சேன். வெறும் விதைன்னா கொழுப்பு ஏறி ஈரல் கெடும், வைட்டமின் ஏ கிடைக்காது, அயோடின் குறைஞ்சா தைராய்டு வீங்கி மூச்சுக்குழாய அமுக்கும்னெல்லாம் இருந்துச்சு. ஆனா ஆஸ்திரேலியாக் காட்டுல இதுங்க தின்றதே புல் விதைதானேன்னு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. விஷயம் என்னன்னா அங்க அது பச்சையும் காஞ்சதுமா பல புல்லோட விதையத் தரையில பொறுக்கித் தின்னுட்டு தண்ணி தேடி மைல் கணக்கா பறக்குது, நம்மாளு ஒன்னரை அடி கூண்டுல உக்காந்து ஒரே தினையத் திங்கறான். (பக்கத்து வீட்டு மாமா வந்து கிளி வளத்தா கேஸாச்சேன்னு பயமுறுத்திட்டுப் போனாரு. 1972 வனவிலங்குச் சட்டத்துல மாட்டறது நம்ம ஊர் பச்சைக்கிளி மாமா, இது இல்லன்னு புரிய வைக்கறதுக்குள்ள காபி ஆறிப்போச்சு.)

அஞ்சாவது நாள் நான் பண்ணினது முட்டாள்தனம், யாரும் பண்ணாதீங்க. பசிச்சா தின்னுதானே ஆகணும்னு காலையில தினைக் கிண்ணத்த எடுத்துட்டு கேரட் துருவலும் பெல்லட்டும் (பறவைக்குன்னே சத்தெல்லாம் சேத்து பண்ற உருண்டைத் தீனி) மட்டும் வச்சுட்டு ஆபீஸ் போயிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா உடம்ப உப்பிக்கிட்டு கண்ண மூடி உக்காந்திருக்கான், கூண்டுக்கு அடியில எச்சம் நாலே நாலு, அதுவும் கரும்பச்சையா. கேரட்ட தொட்ட அடையாளமே இல்ல. உடனே தினையை வச்சேன், கால் மணி நேரம் தலையத் தூக்காம தின்னான். மறுநாள் பறவை பாக்கற டாக்டர்கிட்ட போனப்ப செம திட்டு. முப்பது சொச்சம் கிராம் உடம்புல சேமிப்புன்னு ஒன்னும் கிடையாது, ஒரு நாள் ரெண்டு நாள் பட்டினியே உயிருக்கு ஆபத்து, அதுக்கு பெல்லட் சாப்பாடுன்னே தெரியாது, கல்லுன்னு நெனச்சுக்கிட்டு பசியிலயே உக்காந்திருக்கும்னாரு.

அவர் சொன்ன முறை இதுதான். காலையில எழுந்ததும் பசியோட இருக்கறப்ப முதல்ல கீரை, ஒரு மணி நேரம் கழிச்சு தினை, சாயங்காலம் மறுபடி தினை, நாள் முழுக்க சேத்து ஒன்னரை டீஸ்பூன். தினமும் காலையில எடை. நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு கிராம் காட்டற சமையல் தராசு வாங்கினேன், மேல ஒரு டப்பா மூடி வச்சு தினைக்கதிர நீட்டினா வந்து உக்காந்துடுவான். முதல் எடை 31 கிராம். பத்துல ஒரு பங்கு குறைஞ்சா நிறுத்திட்டுக் கூப்பிடுங்கன்னாரு, அதனால 28னு சுவத்துல பென்சில்ல எழுதி வச்சேன்.

அடுத்த பத்து நாள் எழுத ஒன்னும் இல்ல. முருங்கைக்கீரை, இல்ல. வெந்தயக்கீரை, இல்ல. சோளம் ஒரு முத்து, கிண்ணத்தோட கவுத்து விட்டான். எடை 30, 31, 30.

பதினெட்டாவது நாள் அவசரத்துல கொத்தமல்லிய அலசி உதறாம சொட்டச் சொட்ட அப்படியே துணிக் கிளிப்பில மாட்டி கூண்டு மேல்பக்கம் தொங்க விட்டேன். முதல்ல தூரமா உக்காந்து பாத்தான். அப்புறம் பக்கத்துல வந்தான். ஒரு இலைய கன்னத்தால தேச்சான், அப்புறம் முதுகு, அப்புறம் முழுசா உள்ள நுழைஞ்சு றெக்கைய படபடன்னு அடிச்சு குளிக்க ஆரம்பிச்சுட்டான்! ஈர இலையில குளிக்கறது இதுங்களுக்கு காட்டுப் பழக்கமாம். தலையெல்லாம் நனைஞ்சு முள்ளு முள்ளா நிக்க வெளிய வந்து உக்காந்தான், றெக்கையில ஒட்டின ஒரு துண்டு இலைய அலகால எடுத்தான், துப்பல. நாக்கால புரட்டினான், கொஞ்ச நேரம் மென்னுக்கிட்டே இருந்தான், மறுபடி போய் காம்பக் கடிச்சான். நான் மூச்சு விடாம நின்னுக்கிட்டிருந்தேன், அன்னிக்கு ஆபீஸுக்கு லேட்டு.

அதுக்கப்புறம் வழி சுலபமாயிடுச்சு. ஈரமா தொங்கினா அது நல்ல பொருள்னு ஒரு கணக்கு அவனுக்கு. வெந்தயக்கீரை மூணு நாள்ல, முருங்கை ஒரு வாரத்துல. கேரட்டுக்கு மட்டும் வேற தந்திரம், இது கூட்டமா மேயற பறவைங்கறதால அம்மா கூண்டு முன்னாடி உக்காந்து ஒரு துண்டு கேரட்ட கடக் மொடக்குன்னு சத்தமா கடிச்சு சாப்பிடுவாங்க, அவன் கம்பிக்கு வந்து எனக்கும்னு நிப்பான். நடுவுல எச்சம் தண்ணியா போச்சு, கடைக்காரர் சொன்னது சரிதானோன்னு பயந்தேன், டாக்டர் கேட்டுட்டு கீரையில இருக்கற தண்ணிதான், சுறுசுறுப்பா இருந்தா விடுங்கன்னாரு. நம்ம வெயிலுக்கு கீரை ரெண்டு மணி நேரத்துக்கு மேல கூண்டுல கிடக்கக் கூடாது, எடுத்துடறேன். கால்சியத்துக்கு கடல் நுரை (கணவாய் ஓடு), நாட்டு மருந்துக்கடையில வாங்கி கம்பியில கட்டிட்டேன். பட்டர் ஃப்ரூட், சாக்லேட், வெங்காயம் கிட்டயே காட்டறதில்ல, அம்மா பாசத்துல முறுக்கு நீட்டினதையும் உப்புன்னு சொல்லி தடுத்தாச்சு.

இன்னிக்கு காலை எடை 33. நேத்து ரசத்துல கொத்தமல்லி இல்ல, ஏம்மான்னா கூண்டக் காட்டறாங்க.

பெல்லட்டுதான் இன்னும் நடக்கல. பொடி பண்ணி தட்டுல தூவி விரலால கொத்தற மாதிரி தட்டிக் காட்டினேன், வந்து என் நகத்தக் கொத்திட்டுப் போயிட்டான். தினையோட கலந்து வச்சா தினைய மட்டும் பொறுக்கிட்டு பொடிய கிண்ணத்துலயே விட்டுடறான். பாக்கெட் காத்துப்புகாத டப்பாவுல ஃப்ரிட்ஜுல இருக்கு, அடுத்த வாரம் துருவின கேரட் மேல தூவிப் பாக்கறேன்.