ஆர்ம் போர்டில் டாம்கேட் நின்று நிதானமாக ஓட

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கும் கடை, கூட்டுறவு சங்கம், சின்ன ஆஸ்பத்திரி என்று பல இடங்களில் மேசைக்கு அடியில் இன்டெல் சிப் உள்ள ஒரு பழைய டவர் பிசி கிடக்கும். அதில் ஜாவா அப்ளிகேஷனை ஓட்டும் டாம்கேட் சர்வர், பக்கத்தில் போஸ்ட்கிரெஸ் அல்லது மரியாடிபி டேட்டாபேஸ், மேலே யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த பில்லிங் அப்ளிகேஷன். அந்த பிசி மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வரும் கேள்வி: இதை அப்படியே ஆர்ம் சிப்பில் ஓடும் கையடக்க போர்டான ராஸ்பெரி பை 5-ல் ஏற்றிவிடலாமா? ஏற்றலாம். கிளவுடில் கிராவிட்டான், ஆம்பியர் போன்ற ஆர்ம் மெஷின்களுக்கும் இதே பதில்தான். ஆனால் டாம்கேட் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதை வைத்து வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். உங்கள் வார் ஃபைலில் (அப்ளிகேஷனை மொத்தமாகக் கட்டிய ஃபைல்) உள்ள ஜாவா கோட் ஆர்மிலும் அப்படியே ஓடும். அதற்கு அடியில் இருப்பவைதான் மாறுகின்றன, தகராறும் அங்கிருந்துதான் வரும்.

முதலில் ஓஎஸ். யூநேம் கமாண்ட் 'ஏஆர்ச்64' (64 பிட் ஆர்ம்) என்று காட்டினால் போதாது. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் 32 பிட் இமேஜிலும் கெர்னல் மட்டும் 64 பிட்டாக இருக்கலாம். கெட்கான்ஃப் கமாண்ட் கொண்டு லாங் பிட் எத்தனை என்று கேளுங்கள். 64 என்று வரவேண்டும். 32 என்று வந்தால் எஸ்டி கார்டை அழித்து 64 பிட் இமேஜ் போடுவதைத் தவிர வேறு வழி தேடாதீர்கள். அடுத்து ஜாவா வெர்ஷன் கமாண்டின் கடைசி வரியைப் படியுங்கள். '64 பிட் சர்வர் விஎம்' என்று இருந்தால் சரி. 'ஜீரோ விஎம்' என்று இருந்தால் அது ஓடும்போதே கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலரே இல்லாத, வரிவரியாகப் படித்து ஓட்டும் ஜாவா. அப்ளிகேஷன் வேலை செய்யும், ஆனால் ஒரு ரிப்போர்ட் திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

லினக்ஸ் ஆர்ம்64-க்கு ஏற்ற ஜாவா, ஓபன்ஜேடிகே என்ற திறந்த ஜாவாத் திட்டத்தில் முறையாகச் சேர்ந்தது 2017-ல் வந்த ஜேடிகே 9-ல். ஜேடிகே 11-ல் ஆர்முக்கென்று வேகப்படுத்தும் வேலைகள் சேர்ந்தன. பழைய ஜேடிகே 8-க்கு அதைப் பிற்பாடுதான் கொண்டுவந்து சேர்த்தார்கள், அதனால் பழைய 8 அப்டேட் எதையும் ஆர்மில் நம்பவேண்டாம். அப்ளிகேஷன் ஒத்துழைத்தால் 17-க்குப் போங்கள். டாம்கேட் 9 அதில் தாராளமாக ஓடும். இதே சாக்கில் டாம்கேட் 10-க்கும் தாவுவது நல்லதல்ல. அங்கே ஜாவாக்ஸ் பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன, அது தனி வேலை.

இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: ஜாவாவைப் பழைய பிசியிலேயே முதலில் மாற்றுங்கள். 8-லிருந்து 17-க்குப் போகும்போது எக்ஸ்எம்எல் கையாளும் ஜாக்ஸ்பி காணாமல்போகும், ரிஃப்ளெக்‌ஷன் பிழைகள் கிளம்பும். அவற்றை எல்லாம் இன்டெல் மெஷினிலேயே தீர்த்து, சில நாள் பில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் போர்டை மாற்றினால், அதற்குப் பிறகு வருவது ஆர்மின் பிரச்சினை என்று திட்டமாகச் சொல்லலாம். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்தால் எது எதனால் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

அடுத்தது கணக்கெடுப்பு. வார் ஃபைலைப் பிரித்து, லிப் ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு ஜாரையும் திறந்து, உள்ளே .எஸ்ஓ என்று முடியும் ஃபைல் இருக்கிறதா என்று தேடுங்கள். எஸ்க்யூலைட் டிரைவர், ஸ்னாப்பி, ஜேஎன்ஏ போன்றவை நேட்டிவ் லைப்ரரியை (குறிப்பிட்ட சிப்புக்கென்று கட்டிய கோட்) ஜாருக்குள்ளேயே வைத்திருக்கும். பழைய வெர்ஷனில் இன்டெல் ஃபோல்டர் மட்டுமே இருக்கும், புதியதில் ஏஆர்ச்64 ஃபோல்டரும் இருக்கும். ஜாரை மாற்றினால் தீர்ந்தது. இந்தக் குறை ஸ்டார்ட் ஆகும்போது தெரியாது என்பதுதான் சங்கடம். அந்த லைப்ரரியை முதன்முதலில் கூப்பிடும் நிமிடத்தில்தான் 'அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எர்ரர்' விழும். மாதக் கடைசியில் மட்டும் எடுக்கும் ரிப்போர்ட்டுக்குள் அது ஒளிந்திருந்தால் மாதக் கடைசியில்தான் வெளியே வரும். ஜார் சரியாக இருந்தும் அதே பிழை வந்தால் டெம்ப் ஃபோல்டர் நோஎக்ஸெக் (எதையும் ஓட்ட விடாதே) என்று மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லைப்ரரியை அங்கே பிரித்து வைத்துத்தான் ஜாவா லோட் செய்கிறது.

டாக்கரில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். இன்டெல் இமேஜை ஆர்மில் எடுத்தால் 'எக்ஸெக் ஃபார்மேட் எர்ரர்' வந்து நின்றுவிடும், அது நல்லது. இன்டெல்லைப் போல நடிக்கும் கியூஎமு எமுலேஷன் போட்டு வைத்திருந்தால் நிற்காது, மெதுவாக ஓடும், திடீரென்று செத்தும் போகும். ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்மை எமுலேஷனில் வைத்து அன்றாட வேலை பார்க்கக் கூடாது. ஆர்ம்64-க்கென்று கட்டிய இமேஜ்தான் வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் சர்வரைவிடத் தொந்தரவு தருவது அதோடு தொங்கும் சாமான்கள். ஷீட் எடை போடும் எலக்ட்ரானிக் தராசு சீரியல் போர்ட்டில் எடையை அனுப்பும், அப்ளிகேஷன் அதை ஆர்எக்ஸ்டிஎக்ஸ் லைப்ரரி வழியாகப் படிக்கும். பழைய ஆர்எக்ஸ்டிஎக்ஸை ஆர்மில் கட்டிச் சீராக்குவதற்குப் பதில் ஜேசீரியல்காம் லைப்ரரிக்கு மாறிவிடுங்கள், அதில் ஆர்ம்64 உள்ளேயே இருக்கிறது. யூஎஸ்பி கன்வெர்ட்டருக்கு டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே உண்டு. ஆனால் போர்ட்டை டிடிஒய்யூஎஸ்பி0 என்று கோடில் எழுதி வைக்காதீர்கள். கரண்ட் போய் வந்ததும் அது 1 ஆகிவிடலாம், தராசு மாறிப்போகும். டெவ் ஃபோல்டரில் சீரியல், பை-ஐடி என்ற பாதையில் கன்வெர்ட்டரின் சொந்தப் பெயரிலேயே ஒரு லிங்க் இருக்கும், அதைக் கொடுங்கள். டாம்கேட் ஓடும் யூசரை டயல்அவுட் குரூப்பில் சேர்க்கவும் வேண்டும்.

பிரின்டருக்கு வருவோம். சில கம்பெனிகள் லினக்ஸ் டிரைவர் என்று தருவது இன்டெல்லுக்குக் கட்டிய ஃபில்டர் ஃபைல். ஆர்மில் அது 'ஃபில்டர் ஃபெயில்டு' என்று மட்டும் சொல்லும். தெர்மல் பிரின்டரில் லேன் போர்ட் இருந்தால் 9100 போர்ட்டுக்கு நேராக இஎஸ்சி/பிஓஎஸ் கமாண்ட் அனுப்புங்கள், டிரைவரே வேண்டாம். டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி சாதனம்) வைத்துக் கையெழுத்துப் போடும் அப்ளிகேஷன் என்றால், டோக்கன் கம்பெனியிடம் ஆர்ம்64 லைப்ரரி இருக்கிறதா என்று போர்டு வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு வேலைக்குப் பழைய பிசி இருக்கட்டும். தமிழ் ரிப்போர்ட் கட்டம் கட்டமாக வந்தால் மானிட்டர் இல்லாத ஹெட்லெஸ் சர்வரில் ஃபான்ட் இல்லை என்று அர்த்தம். ஃபான்ட்கான்ஃபிக்கையும், நோட்டோ அல்லது லோகித் தமிழ் ஃபான்ட்டையும் நிறுவினால் சரியாகும்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. இன்டெல்லில் பல வருஷம் பிழையே காட்டாத கோட் ஆர்மில் எப்போதாவது ஒரு முறை தப்பாக ஓடும். காரணம் மெமரி வரிசை. ரப்பர் கடையின் விலைப்பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஆர்எஸ்எஸ்-4 ரேட், லாட் ரேட், ஒட்டுப்பால் ரேட் என்று ரப்பரின் தரத்துக்கு ஒன்றாக மூன்று ஃபீல்டு உள்ள ஒரு ஆப்ஜெக்ட். காலையில் ரேட் மாறியதும் ஒரு த்ரெட் (அப்ளிகேஷனுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச் சரடு) புது ஆப்ஜெக்ட் கட்டி, மூன்றையும் நிரப்பி, ஒரு ஸ்டாட்டிக் வேரியபிளில் வைக்கிறது. பில் போடும் த்ரெட்கள் அந்த வேரியபிளைப் பார்த்து ரேட் எடுக்கின்றன. லாக் இல்லை, மாற்றத்தை மற்ற த்ரெட்கள் ஒழுங்காகப் பார்க்கச் செய்யும் வோலடைல் என்ற குறிச்சொல்லும் இல்லை. இன்டெல் பிராசசர் ஒரு கோர் எழுதியவற்றை எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குக் காட்டும். ஆர்ம் அந்த உத்தரவாதத்தைத் தருவதில்லை. வேரியபிளில் புது ஆப்ஜெக்ட் வந்துவிட்டது முதலில் தெரிந்து, உள்ளே நிரப்பிய ரேட் பிறகு தெரியலாம். அந்த இடைவெளியில் வந்த பில்லில் ரேட் 0.00 என்று அச்சாகும். ஃபீல்டு பிக்டெசிமல் ஆக இருந்தால் நல்பாயின்டர் பிழை விழும். ரீபிரின்ட் எடுத்தால் சரியாக வரும், ஆகவே யாரும் நம்ப மாட்டார்கள்.

இது ஆர்மின் குறை அல்ல. 2004-ல் ஜாவா 5 வந்தபோதே மெமரி விதிகளைத் தெளிவாக எழுதிவிட்டார்கள், அந்தக் கோட் அன்றிலிருந்தே தப்பு. இன்டெல் மூடி வைத்திருந்தது, அவ்வளவே. வேரியபிளை வோலடைல் ஆக்குங்கள், அல்லது ஆப்ஜெக்டின் ஃபீல்டுகளை ஃபைனல் ஆக்குங்கள். பல த்ரெட் தொடும் ஹேஷ்மேப்பை கன்கரன்ட்ஹேஷ்மேப் ஆக மாற்றுங்கள். டபுள்-செக் லாக்கிங் எழுதிய இடமெல்லாம் வோலடைல் இருக்கிறதா என்று பாருங்கள். ரசீது நம்பரை ஸ்டாட்டிக் கவுன்ட்டரில் கூட்டாதீர்கள், டேட்டாபேஸ் சீக்வென்ஸிடம் விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் டாஸ்க்செட் கமாண்டால் ஜாவாவை ஒரே கோரில் கட்டிப்போட்டு அதே லோடை ஓட்டுங்கள். நான்கு கோரில் வரும் பிழை ஒரு கோரில் மறைந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்படியே ஒரு கோரில் விட்டுவிட்டுப் போவது வைத்தியமாகாது.

சி மொழியில் எழுதி ஜாவாவிலிருந்து கூப்பிடும் சொந்த ஜேஎன்ஐ லைப்ரரி இருந்தால் அதற்கும் ஒரு கண்ணி உண்டு. இன்டெல் லினக்ஸில் கேரக்டர் டைப் மைனஸ் மதிப்பையும் ஏற்கும், ஆர்ம் லினக்ஸில் ஏற்காது. ஃபைல் முடிந்ததா என்று மைனஸ் 1-ஐ கேரக்டரில் வாங்கிச் சோதிக்கும் லூப் ஆர்மில் முடியவே முடியாது, ஒரு கோர் 100 சதவீதத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இன்டீஜராக மாற்றி மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

பை 5-ல் மட்டும் வரும் ஒரு விஷயம்: அதன் கெர்னல் மெமரியை 16 கேபி பேஜ்களாகப் பிரித்து ஓடுகிறது. ஜாவாவுக்குக் கவலையில்லை. 4 கேபிக்கென்று கட்டிய ஜெமாலாக் என்ற மெமரி லைப்ரரி உள்ள ரெடிமேட் பைனரிகள், உதாரணமாக வெளியிலிருந்து எடுத்த ரெடிஸ், 'அன்சப்போர்டட் சிஸ்டம் பேஜ் சைஸ்' என்று சொல்லி நின்றுவிடும். கான்ஃபிக் ஃபைலில் கெர்னல்8 இமேஜை எடுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்து ரீபூட் செய்தால் 4 கேபிக்குத் திரும்பும். பை 4 ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பவர்களுக்கு: அதன் சிப்பில் ஏஇஎஸ் கட்டளைகளும் புதிய அட்டாமிக் கட்டளைகளும் இல்லை. எச்டிடிபிஎஸ் நெரிசலில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். புதிதாக வாங்குவதென்றால் 8 ஜிபி பை 5 வாங்குங்கள்.

8 ஜிபியில் ஜாவா ஹீப்புக்கு (ஆப்ஜெக்ட்கள் தங்கும் மெமரி) 2 ஜிபி, ஆரம்பமும் உச்சமும் ஒரே அளவாக. போஸ்ட்கிரெஸ் ஷேர்டு பஃபருக்கு 1 ஜிபி, மிச்சம் டிஸ்க் கேஷுக்கு. ஜிட் கம்பைல் செய்த கோட் தங்கும் ஜேவிஎம்மின் கோட் கேஷ் இயல்பாக 240 எம்பி. ஆர்மில் நேரடித் தாவல் 128 எம்பி தூரம்தான் எட்டும், அதனால் அதை 64 அல்லது 96 எம்பி என்று குறைத்தால் சின்ன அப்ளிகேஷனுக்கு லாபமே. குறைத்த பின் லாகில் கோட் கேஷ் நிறைந்ததாக எச்சரிக்கை வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

டாம்கேட்டை லினக்ஸின் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கீழ் கேட்டலினா ரன் முறையில் ஓட்டுங்கள். பழைய சர்வீஸ் ராப்பர் பைனரிகள் இன்டெல்லுக்கு உரியவை, அவற்றைத் தூக்கிப்போடலாம். விழுந்தால் 10 வினாடி கழித்து எழுப்பும்படி ரீஸ்டார்ட் அமைப்பு, 143 என்ற எக்ஸிட் கோடை வெற்றியாக எடுத்துக்கொள்ளும் வரி, ஓபன் ஃபைல் வரம்பு, இந்த மூன்றும் யூனிட் ஃபைலில் இருக்கட்டும். போர்டே உறைந்துபோனால் எழுப்ப ஹார்ட்வேர் வாட்ச்டாக் இருக்கிறது, சிஸ்டம்டியில் 15 வினாடி என்று கொடுத்தால் போதும்.

நம் மாவட்டத்தில் ஜூன் முதல் ஒரு மழை, அக்டோபர் முதல் இன்னொரு மழை. கரண்ட் போய் வருவதை விதிவிலக்காக நினைக்காமல் தினசரி நிலையாக வைத்தே அமைக்கவேண்டும். 2017 ஒக்கி புயலை நினைத்தால் பேக்கப் ஒன்றாவது மாவட்டத்துக்கு வெளியே இருக்கவேண்டும் என்பதும் புரியும். பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர்தான் வேண்டும், மொபைல் சார்ஜர் ஆகாது. விசிஜென்கமாண்டில் த்ராட்டில் நிலையைக் கேட்டால் பூஜ்யம் வரவேண்டும். 0எக்ஸ்50005 என்று வந்தால் இப்போதே வோல்டேஜ் குறைந்து வேகமும் வெட்டப்படுகிறது. 50000 என்றால் பூட் ஆனதற்குப் பின் எப்போதோ அது நடந்திருக்கிறது. கடிகார பேட்டரியை அதற்குரிய சாக்கெட்டில் மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் வந்ததும், நெட் வருவதற்குள், போர்டு பழைய தேதியில் எழும். சர்டிபிகேட் ஒத்துக்கொள்ளாது, பில்லும் நேற்றைய தேதியில் விழும். டைம் சின்க் ஆன பிறகே டாம்கேட் எழும்படி யூனிட் ஃபைலில் சொல்லி, டைம்-வெயிட்-சின்க் சர்வீஸையும் இயக்கி வையுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், நெட் வராவிட்டால் டாம்கேட்டும் காத்தே இருக்கும்.

டேட்டாபேஸை எஸ்டி கார்டில் வைக்காதீர்கள், என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்குங்கள். டாம்கேட் லாக் எழுதும் கேட்டலினா அவுட் ஃபைல் தானாகச் சுருங்காது, லாக்ரொட்டேட்டில் காப்பி-ட்ரங்கேட் போடவேண்டும். குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் வைப்பதென்றால் ஃபேன் வைத்த பெட்டியைவிட முழுப் பெட்டியே ஹீட்சிங்காக இருக்கும் அலுமினியக் கேஸ் நல்லது. ஃபேன் உப்புக்காற்றை இழுத்து போர்டின் மேல் பூசிக்கொண்டே இருக்கும், யூஎஸ்பி, லேன் சாக்கெட்டில் பச்சை பூக்கும். நான்கு கோரும் முழு வேகத்தில் அரைமணி நேரம் ஓடியும் 80 டிகிரியைத் தொடவில்லை என்றால் ஃபேனே தேவையில்லை.

கடைசியாக டேட்டா. போஸ்ட்கிரெஸின் டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து போர்டில் வைக்காதீர்கள். சில சமயம் எழும்பும், ஆனால் புது ஓஎஸ்ஸில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறியிருந்தால் இன்டெக்ஸ் தப்பாகி, இருக்கும் பெயரையே இல்லை என்று சொல்லும். பிஜி டம்ப் எடுத்து ரீஸ்டோர் செய்யுங்கள், இரண்டு பக்கமும் முக்கிய டேபிள்களின் வரி எண்ணிக்கையையும் தொகைக் கூட்டலையும் ஒப்பிடுங்கள். பழைய பிசியை ஒரு மாத முடிவுக் கணக்கு போர்டில் முழுசாக முடியும் வரை நெட்வொர்க்கில் இருந்து கழற்றி அப்படியே வைத்திருங்கள்.