ஜான் குவின்சி ஆடம்ஸை 1825-இல் தொடங்காதீர்கள்

எம்.ஏ. வரலாற்றில் அமெரிக்க வரலாறு தாளுக்குப் படிக்கிறவர்கள் பலர் வாஷிங்டன், ஜெபர்சன், ஜாக்சன் ஆகியோருக்கு நேரம் ஒதுக்கிவிட்டு, ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸை அரைப் பக்கத்தில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தாளில் கைகொடுத்தவர் அவர்தான். பிரிட்டனுடனான 1812 போரின் முடிவு, மன்றோ கோட்பாடு (அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய நாடுகள் தலையிடக் கூடாது என்ற அறிவிப்பு), ஜாக்சனின் எழுச்சி, அடிமை முறை பற்றிய சண்டை என்று தனித்தனிப் பாடங்களாக வரும் எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார்.

முதலில் அவருடைய பதவிக்காலத்தை ஒதுக்கி வையுங்கள். 1825 முதல் 1829 வரையான அந்த நான்கு ஆண்டுகளில் அவர் நினைத்தது பெரும்பாலும் நடக்கவில்லை. தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வு நிலையம், சாலை, கால்வாய் என்று அவர் கேட்டதில் பெரும்பகுதியை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தரவில்லை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

அதற்கு முந்தைய ஆண்டுகள்தான் முக்கியம். இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸின் மகனான இவர், 14 வயதிலேயே அமெரிக்கத் தூதரின் செயலாளராக ரஷ்யா போனவர். 1814-இல் பிரிட்டனுடன் போரை முடித்த கெண்ட் உடன்படிக்கைக்குப் போன குழுவின் தலைவர். 1817-இல் அதிபர் மன்றோவின் வெளியுறவு அமைச்சரானார். புளோரிடாவை ஸ்பெயினிடமிருந்து பெற்ற 1819 ஒப்பந்தம் அவர் பேசி முடித்தது. 1823-இல் ஐரோப்பியத் தலையீட்டுக்கு எதிராகக் கூட்டாக அறிக்கை விடலாம் என்று பிரிட்டன் சொன்னபோது, தனியாகவே அறிவிப்போம் என்று அமைச்சரவையில் வாதாடியவரும் அவரே. மன்றோ கோட்பாடு கேள்வி வந்தால் இந்த விவாதத்தை இரண்டு வரியாவது எழுதுங்கள், விடைக்குக் கனம் கூடும்.

அப்புறம் 1824 தேர்தல். இதற்கு ஒரு மாலை முழுவதும் கொடுக்கலாம். அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்குகள் மொத்தம் 261; வெல்ல 131 வேண்டும். ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84, கிராஃபோர்டுக்கு 41, கிளேக்கு 37. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அரசியலமைப்பின் 12-ஆவது திருத்தப்படி முதல் மூவரிலிருந்து பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்க வேண்டும், அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. நான்காவதாக வந்த கிளே ஆடம்ஸை ஆதரித்தார். 24 மாநிலங்களில் 13 கிடைத்து ஆடம்ஸ் அதிபரானார். உடனே கிளேயை வெளியுறவு அமைச்சராக்கினார். ஊழல் பேரம் என்று ஜாக்சன் தரப்பு நான்கு ஆண்டுகளும் பிரசாரம் செய்து, 1828-இல் 178-க்கு 83 என்று வென்றது. எண்களை ஒரு தாளில் நீங்களே எழுதிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜாக்சனிய ஜனநாயகம் எந்தக் கோபத்தில் வளர்ந்தது என்பது அதிலேயே விளங்கிவிடும்.

பலர் இங்கே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எனக்கு மிகப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். அதிபராக இருந்தவர் 1831-இல் சாதாரண உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபைக்குப் போய், 1848-இல் சபையிலேயே மயங்கி விழுந்து இறக்கும்வரை அங்கே இருந்தார். அடிமை முறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்கும் விதியைச் சபை 1836-இல் கொண்டுவந்தது. ஆடம்ஸ் ஓயாமல் மனுக்களைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். மனுச் செய்யும் உரிமை அரசியலமைப்பு தந்தது என்பது அவர் வாதம். இதனால், அடிமை முறை பற்றிக் கவலைப்படாத வடக்கத்தியர்களும் அவர் பக்கம் வந்தார்கள். 1842-இல் அவரைக் கண்டிக்க எடுத்த முயற்சி தோற்றது. 1844-இல் அந்த விதியே நீக்கப்பட்டது. இடையில் 1841-இல், 73 வயதில், அமிஸ்டாட் கப்பலில் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவர்கள் விடுதலை பெற்றார்கள். உள்நாட்டுப் போரின் காரணங்கள் பற்றிய கேள்விக்கு இந்தப் பகுதியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

நேரம் இருந்தால் அவருடைய நாட்குறிப்பையும் பாருங்கள். மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். முழுதும் வேண்டாம், புதிய மாநிலங்களில் அடிமை முறையை அனுமதிப்பது பற்றிய மிசௌரி சமரசம் நடந்த 1820 பிப்ரவரி, மார்ச் பக்கங்கள் போதும்.