வாகடூகு நாட்குறிப்பு: ஃபெஸ்பாகோ வாரம்

20 பிப்ரவரி 2025, வியாழன்

மாலி நாட்டு இயக்குநர் சுலைமான் சிஸே நேற்று பமாகோவில் காலமானார். வயது 84. நாளை மறுநாள் இங்கே, புர்கினா ஃபாசோவின் தலைநகரில், தொடங்கும் ஃபெஸ்பாகோ என்கிற ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில், முழுநீளக் கதைப்படங்களின் நடுவர் குழுவுக்கு அவர்தான் தலைமை தாங்க இருந்தார். காலையில் அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. எங்கள் ஓட்டுநர் காரில் சாய்ந்து நின்றபடி, 1983 இல் சிஸேயின் 'ஃபின்யே' இங்கே பெரிய பரிசு வாங்கிய வருஷம் மதில் ஏறிக் குதித்துப் படம் பார்த்த கதையைச் சொன்னார். 1979 இல் சிஸேயின் 'பாரா'வுக்கும் அதே பரிசுதான். அந்தப் பரிசுச் சிலையை, யென்னெங்கா குதிரையை, இரண்டு தடவை வாங்கியவர்கள் இதுவரை இரண்டே பேர். மற்றவர் அலேன் கோமிஸ்.

மாலி நாட்டுக் கலைப்பட இயக்குநர் ஒருவர் இறந்ததற்கு ஓட்டுநர் துக்கம் கொண்டாடுகிற ஊர் வேறு எங்கே இருக்கும்?

22 பிப்ரவரி, சனி

தொடக்க விழா வாகா 2000 பகுதியில், விளையாட்டரங்கத்தில். அந்தப் பக்கமே போகவில்லை. துப்பாக்கி ஏந்திய ராணுவத்தினர், பை சோதனை, கூட்டம். வீட்டுக்குப் பக்கத்துச் சாராயக் கடைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். சுட்ட இறைச்சிக் குச்சி, பீர், பேச்சுக்குப் பேச்சு கைதட்டல்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். 1969 இல் சினிமாப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து, ஆப்பிரிக்கப் படங்களை ஆப்பிரிக்கர்கள் பார்க்கட்டும் என்று ஒரு திரைப்பட வாரம் நடத்தினார்கள். ஃபெஸ்பாகோ பிறந்தது அப்படித்தான். குழுவின் தலைவர் ஒரு பெண், அலிமாதா சலம்பேரே. அடுத்த வருஷமே பெரிய சண்டை வந்தது. நாட்டின் திரையரங்குகளைக் கையில் வைத்திருந்த இரண்டு பிரெஞ்சுக் கம்பெனிகள் டிக்கெட் விலையை ஏற்றின. அரசு கொட்டகைகளையே நாட்டுடைமை ஆக்கிவிட்டது. டிக்கெட் வரியில் ஒரு பங்கை எடுத்து உள்ளூர்ப் படங்களுக்குக் கொடுத்தார்கள். ஏழை நாட்டுக்குத் திரைப்பட விழா எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இந்த ஒரு வருஷத்தைத்தான் காட்டுவேன். படம் எடுப்பதற்கு முன்னால் கொட்டகை யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார்கள் பாருங்கள், அது லேசான புத்தி இல்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

நீர்வாயா தியேட்டர். வாகாவில் ஆணும் பெண்ணும் பாட்டியும் எல்லாரும் இரண்டு சக்கர வண்டிதான். வாசலில் வண்டி விடும் இடத்தைப் பார்த்தாலே படத்துக்கு எவ்வளவு கூட்டம் என்று தெரிந்துவிடும். இன்று ஹேண்டில் மேல் ஹேண்டில் ஏறிக் கிடந்தது. காவலுக்கு நின்ற பையன் எண் எழுதிய அட்டைத் துண்டைக் கொடுத்துவிட்டு, முழுப் படமா, பாதியில் எழுந்து வருவீர்களா என்று கேட்டான். பாதியில் வருகிறவர் வண்டியை முன்வரிசையில் வைப்பானாம். இந்த ஊர் விமர்சகர்களில் நான் மதிப்பது இவனைத்தான்.

சோமாலியப் படம் பார்த்தேன். குழி வெட்டிப் பிழைக்கிற ஒருவன், அவன் சின்ன மகன், தையல் கடை வைக்க ஆசைப்படும் அக்காளோ தங்கையோ ஒருத்தி. நிதானமான படம். அவள் பிளவுஸ் துணி வெட்டுகிற காட்சியோ என்னவோ, எனக்கு முன்னால் உட்கார்ந்த அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் அது அப்படி வெட்டக்கூடாது என்று உரக்கச் சொன்னார். யாரும் 'உஷ்' போடவில்லை. இங்கே திரையோடு பேசுவது மரியாதைக் குறைவு இல்லை.

25 பிப்ரவரி, செவ்வாய்

இந்த நாட்டு இயக்குநர் தானி குயாத்தேயின் 'கட்டாங்கா'. ஷேக்ஸ்பியரின் மெக்பெத்தை அப்படியே இந்த நாட்டு மோஸி மக்களின் அரச சபைக்குக் கொண்டுவந்து, கறுப்பு வெள்ளையில், அவர்களுடைய மோரே மொழியில் எடுத்திருக்கிறார். அரசனைக் காப்பாற்றிப் படைத்தலைவனாகிறவன் குறி கேட்கப் போகிறான். நீ ராஜாவாவாய் என்று குறி சொல்கிறது. பயந்துபோய் வீட்டுக்கு வருகிறான். மனைவிக்குப் பயம் இல்லை. அப்புறம் நடப்பது தெரிந்த கதைதான்.

ஆனால் கொட்டகையில் நடந்தது தெரிந்த கதை இல்லை. பழமொழிக்கு மேல் பழமொழியாகப் பேசுகிறார்கள். மோரே தெரிந்தவர்கள், அதாவது முக்கால் அரங்கு, முதலில் சிரிக்கிறது. திரைக்குக் கீழே ஓடும் பிரெஞ்சு எழுத்தைப் படிக்கிற வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு நொடி கழித்துச் சிரிக்கிறார்கள். என் பிரெஞ்சுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். நான் சிரிக்கும்போது திரையில் ஒரு கொலை நடந்துகொண்டிருந்தது. கான் நகரத்திலோ பாரிசிலோ இதே படம் ஓடினால் எல்லாரும் ஒரே நேரத்தில், அமைதியாக, எழுத்தைப் படித்துச் சிரிப்பார்கள். அங்கே பார்ப்பது பாதிப் படம்தான் என்பது என் கட்சி.

தானியின் அப்பா சோதிகி குயாத்தே. ஆங்கிலேய நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கின் மகாபாரதத்தில் பீஷ்மராக வந்தாரே, அந்த நெடிய மனிதர்தான்.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் படம் பிடிக்கவில்லை. நாடகத்தனமாம். பரிசு சோமாலியாவுக்குத்தான் என்று அடித்துச் சொன்னார். நான் 'கட்டாங்கா' என்றேன். பந்தயம்: இறைச்சிக் குச்சி ஒரு தட்டு.

26 பிப்ரவரி, புதன்

அலுப்பு. வெயில், புழுதி, தொண்டைக் கட்டு. படம் இல்லை.

படுத்தபடியே விருதுப் பட்டியலைப் புரட்டினேன். 1972 இல் முதன்முதலாகக் குதிரையை நைஜரின் உமாரு கண்டா வாங்கினார். அன்றிலிருந்து இன்று வரை ஒரு பெண் இயக்குநர்கூட முதல் பரிசு வாங்கியதில்லை. 2023 இல் அப்போலின் த்ராவோரே என்ற பெண் இயக்குநருக்கு இரண்டாம் பரிசு, வெள்ளிக் குதிரை, கிடைத்தது. சிலையில் குதிரை மேல் வேலோடு உட்கார்ந்திருப்பவள் யென்னெங்கா, போர் செய்த இளவரசி. முதல் குழுவின் தலைவரும் பெண். பெண்ணை வாசலில் வைத்து ஆரத்தி எடுத்துவிட்டு உள்ளே நாற்காலி போடாத வீடு மாதிரி இருக்கிறது. தரம்தான் பார்க்கிறோம் என்று சொல்வார்கள். 2013 வரை 35 மி.மீ. ஃபிலிம் பிரதி இருந்தால்தான் பெரிய போட்டியில் சேர்ப்போம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். பிரதி எடுக்கக் காசு யாரிடம் இருந்ததோ அவர்கள் படம்தான் போட்டிக்கு வந்தது. அது தரமா, பணமா?

27 பிப்ரவரி, வியாழன்

ஊர் ஓரத்துப் பேட்டையில் திறந்தவெளித் திரையிடல். ஓட்டுநர் கூட்டிப் போனார். ஒரு வண்டி, ஜெனரேட்டர், இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய திரை. நாய்க்கும் ஆட்டுக்கும் அனுமதி இலவசம். இடம் கிடைக்காத பிள்ளைகள் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் எல்லாரும் இடது கையால் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இடையில் ஜெனரேட்டர் நின்றது. கூட்டம் கலையவில்லை. ஒரு கிழவர் எழுந்து, அடுத்து என்ன நடக்கும் என்று தானே சொல்ல ஆரம்பித்தார். வெளிச்சம் வந்தபோது படத்தில் வேறு மாதிரி நடந்தது. கிழவர் சொன்னதுதான் நல்லா இருந்தது என்று ஓட்டுநர் முடிவு சொன்னார்.

ஃபெஸ்பாகோ இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு வாரம். மற்ற நாட்களில் இந்தப் பேட்டைக்குத் திரை வருவது அபூர்வம். வெளிநாட்டு விருந்தினர் அரங்கத்துக்குச் செலவாகும் குளிர்சாதன மின்சாரத்தில் எத்தனை ஜெனரேட்டர் ஓட்டலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

1 மார்ச், சனி

'கட்டாங்கா'வுக்கு முதல் பரிசு, தங்கக் குதிரை. கூடவே இந்த ஊர்ப் பணத்தில் 2 கோடி சி.எஃப்.ஏ. ஃப்ராங்க். புர்கினா படம் ஜெயித்து 28 வருஷம் ஆகிறது. கடைசியாக 1997 இல் காஸ்தோன் கபோரே. அதற்கு முன் 1991 இல் இத்ரிஸா உவெத்ராவோகோ. தெருவில் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது.

2 மார்ச், ஞாயிறு

பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலில் நாலைந்து பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முதல் நாளே எனக்குத் தெரியும், இதுதான் ஜெயிக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். படத்தை மூன்று தடவை பார்த்தாராம். இறைச்சிக் குச்சியைப் பற்றிக் கேட்டேன். காது கேட்கவில்லை என்று கையைக் காட்டினார்.