‘கரு’ என்ற சொல்லும் எங்கள் காப்புரிமை விண்ணப்பமும்

என் அக்காவுக்கு மூன்று முறை ஐவிஎஃப் செய்தார்கள். மூன்று முறையும் ஆய்வகத்தில் கரு நன்றாகவே வளர்ந்தது. உள்ளே வைத்த பிறகு தங்கவில்லை. மதுரையிலிருந்து அம்மா போன் செய்து, "கரு தங்கலையாம்மா" என்பாள். அதற்கு மேல் சொல்ல அவளிடமும் ஒன்றுமில்லை, மருத்துவர்களிடமும் ஒன்றுமில்லை. கருவுற்று ஏறக்குறைய ஒரு வாரத்தில் கரு கருப்பைச் சுவரில் ஒட்டுகிறது. அதை யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது.

அந்த ஒரு வாரத்தை ஒரு தட்டில் வைத்துப் பார்க்க முடியுமா என்றுதான் நாங்கள் நான்கு பேர் பெங்களூரில், ஹெப்பால் தாண்டி பெல்லாரி சாலைப் பக்கம், ஒரு சின்ன கம்பெனி தொடங்கினோம். நல்ல நேரமும் கூடி வந்தது. 2021 மார்ச்சில் டெக்சாஸ் குழு ஒன்றும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு ஒன்றும் மனித செல்களிலிருந்தே ‘பிளாஸ்டாய்டு’ செய்து காட்டியிருந்தன. அதாவது, ஐந்தாறு நாள் வயதுக் கருவைப் போலவே நடுவில் குழியும் சுற்றிலும் ஓர் ஓடுமாக இருக்கும் சிறு உருண்டை. விந்தும் இல்லை, முட்டையும் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் வியன்னாவில் நிக்கோலா ரிவ்ரோன் குழு அதை இன்னும் சீராக, 70 சதவீதத்துக்கும் மேல் வெற்றியோடு செய்து, கருப்பை உட்சுவர் செல்களில் ஒட்டவும் வைத்தது.

எங்கள் பங்கு இதற்கு அடுத்த படி. சின்னச் சின்னக் குழிகள் கொண்ட ஒரு ஜெல் தட்டு, ஊட்ட திரவத்தை எந்த மணி நேரத்தில் மாற்றுவது என்ற ஓர் ஒழுங்கு, பிறகு கருப்பைச் சுவர் செல்களை அடியில் பரப்பி எத்தனை உருண்டை ஒட்டுகிறது என்று எண்ணும் முறை. ஒரு மருந்து ஒட்டுதலைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று இதில் பார்க்கலாம்.

இதற்குக் காப்புரிமை வாங்கிய கதையைத்தான் எழுதுகிறேன். இந்தத் துறையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் கேட்டார்கள்.

முதலில் ஒரு விஷயம். 2022 செப்டம்பரில் ஒரு மாநாட்டில் போஸ்டர் ஒட்டத் தயாராக இருந்தேன். பேடன்ட் ஏஜென்ட் மேடத்தை அதற்கு ஐந்து நாள் முன்புதான் சந்தித்தேன். கோயம்புத்தூர்க்காரர், மல்லேஸ்வரத்தில் அலுவலகம். போஸ்டரைப் பார்த்ததும், "இத ஒட்டிட்டு எங்கிட்ட வந்திருந்தீனா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது கண்ணு" என்றார். அமெரிக்காவில் நாமே வெளியிட்டதற்கு ஒரு வருடம் சலுகை உண்டு. நம் சட்டத்தில் அப்படிப் பொதுவான சலுகை கிடையாது, விதிவிலக்குகள் மிகக் குறுகலானவை. ஆய்வுக் கட்டுரையை முன்பதிப்பாக இணையத்தில் ஏற்றினாலும் இதே கதிதான். அந்த ஐந்து நாளில் இரவு பகலாக உட்கார்ந்து தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் முதல்கட்ட ஆவணத்தை, தாக்கல் செய்தோம். ஸ்டார்ட்அப் என்பதால் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய்தான். ஏஜென்ட் கட்டணம் அதைவிடப் பல மடங்கு, ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட வீண் இல்லை என்று இப்போது சொல்வேன்.

தற்காலிக விவரக்குறிப்பு போட்டால் முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும். அந்த 12 மாதத்தில் ஐந்து மாதத்தை இழந்தோம்.

காரணம் நாங்கள் பயன்படுத்திய செல். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் வாங்கிய கருநிலை ஸ்டெம் செல் வரிசை அது. அதாவது, கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி வரும், எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல்கள். வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. மேடம் படித்தார். ஆராய்ச்சிக்கு மட்டும், வணிகத்துக்கு இல்லை, அந்தச் செல்லை வைத்து வரும் கண்டுபிடிப்பில் அவர்களுக்கும் உரிமை உண்டு என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. எழுதிக் கேட்டோம். மூன்று மின்னஞ்சலுக்கும் பதிலே வரவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஐவிஎஃபில் மிஞ்சிய கருவிலிருந்து எடுத்த செல் என்றால் ஐரோப்பாவில் கேள்வி வரும். 2011-இல் புருஸ்ட்லே வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், மனிதக் கருவை அழித்தாக வேண்டிய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. அதனால் வேறு பாதைக்கு மாறினோம். ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா 2007-இல் மனித செல்லில் செய்து காட்டிய வழிதான்: பெரியவர் ஒருவரின் ரத்த செல்லையோ தோல் செல்லையோ பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல் ஆக்குவது. அப்படி ரத்தத்திலிருந்து செய்த ஒரு வரிசை கிடைத்தது. ரத்தம் கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் வாசகத்தை மேடம் வரவழைத்துப் பார்த்தார். வணிகப் பயன் வரலாம், காப்புரிமை எடுக்கப்படலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. அப்புறம் எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்தோம். செல்லை வாங்கும் அன்றே ஒப்பந்தத்தையும் ஒப்புதல் படிவத்தையும் படித்துவிடுங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு விளக்கமாக எழுதினேன்.

நடுவே ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான நிறுவனக் குழுவின் அனுமதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல் 2017-ஆம் ஆண்டுக்குரியது. மனித பிளாஸ்டாய்டு வந்ததோ 2021-இல். அதனால் அந்தப் பெயரே அதில் இல்லை. ஆனால் முழுமையான மனிதக் கருவை, எந்த வழியில் உருவாக்கியிருந்தாலும், 14 நாளுக்கு மேலோ, முதல் கோடு தோன்றிய பிறகோ, எது முந்தியோ அதற்கு மேல் வளர்க்கக் கூடாது என்று இருக்கிறது. முதல் கோடு என்பது தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று கருவில் தீர்மானமாகும் இடம். 14 நாள் என்ற எல்லை 1984-இல் இங்கிலாந்தின் வார்னாக் குழு சொன்னது, உலகம் முழுக்கப் பரவியது.

எங்களுடையது ‘முழுமையான கரு’வா? குழுவில் இரண்டு கூட்டம் இதைப் பற்றியே நடந்தது. கடைசியில், எதுவாக இருந்தாலும் சரி, ஒட்டிய மூன்றாம் நாள் எல்லாவற்றையும் பாராபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் நிலைப்படுத்தி, அதாவது செல்களைக் கொன்று அப்படியே நிறுத்தி, முடித்துவிட வேண்டும், அதை நெறிமுறையிலேயே ஒரு படியாக எழுத வேண்டும் என்றார்கள். எனக்கு அன்று வருத்தம்தான். இன்னும் இரண்டு நாள் விட்டால் எவ்வளவு பார்க்கலாம் என்று தோன்றியது. ஆனால் அந்த ஒரு வரிதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

2023 செப்டம்பரில் முழு விவரக்குறிப்பும் சர்வதேச விண்ணப்பமும் ஒன்றாகப் போனது. கர்நாடகம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. கிண்டிக்கு நேரில் போக வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன், ஒரு முறைகூடப் போகவில்லை. எல்லாம் இணைய வழிதான். படிவம் 9 கொடுத்து முன்கூட்டியே பிரசுரிக்கச் சொல்லி, 18ஏ கொடுத்து விரைவுப் பரிசோதனை கேட்டோம். உயிரியல் பன்மைச் சட்ட அனுமதி வேண்டுமா என்று பயந்தேன். அந்தச் சட்டத்தில் ‘உயிரியல் வளம்’ என்பதன் வரையறை மனித மரபுப் பொருளை விலக்கி வைக்கிறது, அதனால் அந்தக் கதவு தட்ட வேண்டியிருக்கவில்லை.

2024 ஜனவரியில் முதல் பரிசோதனை அறிக்கை வந்தது. பதில் சொல்ல ஆறு மாதம். படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. காப்புரிமைச் சட்டத்தில் எதற்கெல்லாம் காப்புரிமை இல்லை என்று பட்டியலிடும் பிரிவு 3-இன் பாதி அதில் இருந்தது. 3(பி): பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் மாறானது, மனிதக் கருவை வணிகத்துக்குப் பயன்படுத்துகிறது. 3(சி): இயற்கையில் உள்ள உயிருள்ள பொருள். 3(ஜே): விலங்கின் பகுதி. 3(ஐ): நோய் கண்டறியும் முறை. இதோடு ரிவ்ரோன் கட்டுரையைக் காட்டி, கண்டுபிடிப்புத் திறன் இல்லை, துறை தெரிந்தவர் எளிதில் எட்டிவிடக் கூடியதுதான் என்றும்.

மேடம் அறிக்கையைப் பார்க்கவில்லை, எங்கள் விவரக்குறிப்பைத்தான் எடுத்தார். "எத்தன எடத்துல கருன்னு எழுதியிருக்க, எண்ணு" என்றார். எண்ணினேன். 61 இடம். "மனிதக் கருவை அப்படியே ஒத்த", "கருவுக்கு இணையான", "கருவின் எல்லாச் செல் வகையும் கொண்ட". ஆய்வுக் கட்டுரைக்காக எழுதிய வாக்கியங்களை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். கட்டுரையில் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று சொன்னால்தான் மதிப்பு. சட்டத்தின் முன்னால் போய் அதே வாயால் இது கரு இல்லை என்று எப்படிச் சொல்வது?

முதலில் நான் செய்ய நினைத்தது தவறு. பதிலில் மட்டும் ‘இது கருவே அல்ல, வெறும் செல் கட்டி’ என்று அடித்து எழுதிவிடலாம் என்றேன். மேடம் மறுத்துவிட்டார். "நீ கட்டுரைல ஒண்ணு, இங்க ஒண்ணு எழுதினா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேப்பாங்க. ரெண்டு எடத்துலயும் நிக்கிற மாதிரி ஒரு உண்மை சொல்லு." அதை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆனது. எந்த மரபணுக்கள் ஒத்திருக்கின்றன, எது ஒத்திருக்கவில்லை, எந்தச் செல் வகை எங்கள் உருண்டைகளில் பலவற்றில் வரவே இல்லை, ஒட்டிய பிறகு அமைப்பு எப்படிக் குலைகிறது என்று எங்களிடம் இருந்த படங்களையெல்லாம் வைத்து எழுதினேன். தோற்றுப்போன சோதனைகளின் படங்கள்தான் அதில் அதிகம் உதவின. அவற்றை அழிக்காமல் வைத்திருந்தது எங்கள் ஆய்வக மாணவி ஒருத்தி. அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கோரிக்கைகளையும், அதாவது எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வரிகளையும், மாற்றினோம். ‘ஸ்டெம் செல்லிலிருந்து பெறப்பட்ட கரு போன்ற அமைப்பு’ என்ற முதல் கோரிக்கையை முழுதாக எடுத்துவிட்டோம். பொருளையே உரிமை கேட்பதில் எனக்கும் மனம் ஒப்பவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். மலட்டுத்தன்மையைக் கண்டறியும் முறை என்று இருந்ததும் 3(ஐ)-க்காகப் போனது. மிஞ்சியது தட்டு, திரவம் மாற்றும் மணிக் கணக்கு, உடலுக்கு வெளியே மருந்தைச் சோதிக்கும் முறை. கண்டுபிடிப்புத் திறனுக்கு, முன்பிருந்த முறையில் எங்கள் தட்டில் கிடைத்த எண்ணிக்கையையும் எங்கள் மணிக் கணக்கில் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

அக்டோபரில் விசாரணை, வீடியோவில். முடிவெடுக்கும் காப்புரிமை அலுவலகக் கட்டுப்பாட்டு அதிகாரி நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். கண்டுபிடிப்புத் திறன் பற்றிய கேள்விகள் பத்து நிமிடத்தில் முடிந்தன. மீதி நேரமெல்லாம் 3(பி) தான். ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் சொன்னதை மேடம் எடுத்துச் சொன்னார்: மனிதனாக வளரும் உள்ளார்ந்த ஆற்றல் இருந்தால்தான் கரு. வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார். 2023-இல் சீன விஞ்ஞானிகள் குரங்கு பிளாஸ்டாய்டுகளை எட்டுப் பெண் குரங்குகளுக்குள் வைத்தார்கள், மூன்றில் கர்ப்பத்தின் தொடக்க அறிகுறி தெரிந்தது. பிறகு எதுவும் நீடிக்கவில்லை, சரி. நாளைக்கு யாராவது இதை மேம்படுத்தி நீடிக்க வைத்தால் உங்கள் வாதம் என்ன ஆகும்?

இதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. மாதிரி மேம்பட மேம்பட ‘இது வளராது’ என்ற வாதம் தேய்ந்துகொண்டே போகும். அதனால் அதன் மேல் நிற்க விரும்பவில்லை என்றுதான் பதில் சொன்னேன். இது வளருமா, வளராதா என்பதைவிட, நாங்கள் வளர்க்க மாட்டோம் என்பதைக் கோரிக்கையிலேயே எழுதித் தருகிறோம் என்றேன். ஒட்டிய மூன்றாம் நாள் நிலைப்படுத்தி முடிக்கும் படி எங்கள் முழு விவரக்குறிப்பில் முதல் நாளிலிருந்தே இருந்தது, குழு கேட்டதால். இல்லாத ஒன்றைப் பிறகு சேர்க்கச் சட்டம் விடாது. இருந்ததைக் கோரிக்கைக்குள் கொண்டுவந்து சுருக்கலாம். அந்தப் படியையும், எந்த உயிரின் கருப்பைக்குள்ளும் வைக்கப்படாது என்பதையும் முதல் கோரிக்கையில் சேர்த்து, 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தோம்.

2025 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. தாக்கல் நாளிலிருந்து 20 ஆண்டு. அமெரிக்க விண்ணப்பத்தில் முதலிலேயே பொருள் கோரிக்கை வைக்கவில்லை. மனித உயிரினத்தை உள்ளடக்கும் கோரிக்கைக்குக் காப்புரிமை இல்லை என்று அங்கே 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஐரோப்பா இன்னும் முடியவில்லை.

பொங்கலுக்கு மறுவாரம் அக்கா பெங்களூர் வந்தாள். சான்றிதழைக் காட்டினேன், அதை அவள் சரியாகப் பார்க்கவில்லை. ஒட்டுவதைப் படம் எடுத்திருக்கிறாயாமே, அதைக் காட்டு என்றாள். ஒரு இரவு முழுக்க எடுத்ததை ஒரு நிமிடமாகச் சுருக்கியது. உருண்டை மெல்லத் திரும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் இருக்கும் செல்களைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்திலேயே இன்னொன்று பிடிக்காமல் நழுவிப் போகும். நழுவிய அதைச் சுட்டிக்காட்டி, "இது ஏன்?" என்று கேட்டாள். அதற்கான சோதனையை மார்ச்சில் தொடங்குகிறோம் என்றேன். இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள்.