உறைபனி பார்க்கத் தொட்டபெட்டா எதற்கு?

ஜனவரியில் ஊட்டிக்கு உறைபனி பார்க்கப் போகிறவர்களே, உங்களை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லும் ஜீப்பில் மட்டும் ஏறிவிடாதீர்கள். பஸ் நிலைய வாசலில் ஒருவர் கூசாமல் இரண்டாயிரம் ரூபாய் கேட்டார். "தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம் சார், அங்கேதான் பனி கொட்டிக் கிடக்கும்" என்றார். விலை அநியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், சொன்ன விஷயமே தவறு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதையொட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. உறைபனிக்குப் பேர்போன தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் எதுவும் சிகரம் இல்லை.

கூடலூர் பஸ் தலைக்குந்தா வழியாகத்தான் போகிறது. கட்டணம் மிகக் குறைவு. விடிவதற்குள் இறங்கிவிடுங்கள்.

புல்வெளி முழுக்க வெள்ளை! மண்டியிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் உப்புத் தூவியதுபோல் படிகங்கள். நிறுத்தியிருந்த பைக்கின் இருக்கையை விரல் நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாகப் பனி வந்தது. டீக்கடைச் சுவரில் தொங்கிய வெப்பமானியோ 3 டிகிரி என்றது. தலை உயரத்தில் 3 டிகிரி இருக்கும்போதே காலடியில் தண்ணீர் உறைந்துவிடுகிறது.

அந்தக் கடையின் இஞ்சி டீயும், வர்க்கி என்கிற மொறுமொறுப்பான அடுக்கு பிஸ்கட்டும்தான் இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே வர்க்கி. டீயில் முக்கினால் அடுக்கு அடுக்காக ஊறுகிறது. கடைக்கார அக்கா, குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாது என்றார். உண்மைதான். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

நாம் புகைப்படம் எடுக்கிற இதே பனி தேயிலை விவசாயிக்கு வயிற்றெரிச்சல். ஒரே இரவில் கொழுந்து கருகி, செடி பழுப்பேறிவிடுகிறது. சாலையோரத் தோட்டத்தில் ஒரு பெரியவர் செடிகள் மேல் காய்ந்த பெரணியைப் பரப்பியிருந்தார். கருகிய செடி மறுபடி துளிர்க்கும் வரை பறிக்க இலை இல்லை, கூலியும் இல்லை என்றார். அவர் வரப்பை மிதித்துக்கொண்டு செல்பி எடுத்தவர்களைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

மலையின் காட்டையே இந்தக் குளிர் வடிவமைத்திருக்கிறது. சோலை எனப்படும் அடர்ந்த மலைக்காட்டின் மரங்கள் மலை மடிப்புகளுக்குள் ஒடுங்கி நிற்க, வெளியெல்லாம் புல்லாக இருப்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். திறந்த வெளியில் முளைக்கும் சோலைக் கன்றுகளைப் பனி கொன்றுவிடுகிறது. அதைத் தாங்கிப் புல்லுக்கு நடுவே தனியாக நிற்கும் மரம் காட்டுப்பூவரசு. அதைத் தேடிப் பாருங்கள், பூங்காக்களைவிட அதுதான் பார்க்க வேண்டியது.

தங்குமிடம் பற்றிச் சொல்ல வேண்டும். வாடகைக்கு மேல் ஹீட்டருக்கு இரவுக்கு 600 ரூபாய் என்று சாவி கொடுத்த பிறகுதான் சொன்னார்கள். முன்பதிவின்போதே இதைக் கேட்டுவிடுங்கள். அந்தக் காசைத் திபெத்தியர் சந்தையில் கொடுத்தால் ஸ்வெட்டராவது மிஞ்சும்.